பதினோராம் கணக்கு

தாய்க்கு முப்பத்தாறு, மகளுக்கு இருபத்துநான்கு என்று விடை வந்து நின்றதும் தையல்நாயகி சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அந்த இரண்டு எண்களையும் வெறித்துப் பார்த்தாள். அப்படியானால் பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறாள் அந்தத் தாய். வயதுகளின் கூடுதல் அறுபது, விகிதம் மூன்றுக்கு இரண்டு, வகுத்தால் மீதியில்லாமல் வருகிறது, போதும் என்று எழுந்து போய்விட்டான் இதை எழுதியவன். இதைப் போடப்போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே பன்னிரண்டு வயதுதான் என்பது அவன் மண்டையில் உறைக்கவில்லை. எந்தப் பெண்ணும் பன்னிரண்டு வயதில் தாயாகக் கூடாது, கணக்கில்கூட. வயதுக் கணக்கென்றால் விடை சரியா என்று பார்த்த கையோடு கழித்தும் பார்க்க வேண்டும், எத்தனை வயதில் பெற்றாள் என்று. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. மயிலாடுதுறைப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் தையல்நாயகி தானாகவே கைக்கொண்ட வழக்கம் அது. ‘தரமற்றது. நீக்குக’ என்று ஓரத்தில் எழுதினாள். காலையிலிருந்து இந்த இரண்டு சொற்களையே எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒருவன் நடக்கிறான், நீக்குக. ஆறு பேர் பன்னிரண்டு நாளில் கட்டிய சுவரை நூற்று நாற்பத்துநான்கு பேர் அரை நாளில் கட்டி முடிக்கிறார்கள், அத்தனை பேர் நிற்பதற்கே அந்தச் சுவரோரம் இடம் போதாது, நீக்குக. ஒரு கிலோ புளி ஒன்பது ரூபாய், யாரோ அந்தக் காலத்தில் எழுதியதைத் தூசிகூடத் தட்டாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்; நீக்குக. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை க்ளக் என்று எதையோ விழுங்கிக்கொண்டு சுற்றியது. அச்சுப்படியின் தாள்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரம் தூக்கிப் பார்த்தன. மிளகு டப்பாவை ஒரு மூலையிலும் கண்ணாடிக்கூட்டை இன்னொரு மூலையிலும் வைத்து அடக்கினாள். பிள்ளைகளை அடக்குவது இதைவிடச் சுலபமாக இருந்தது.

ஒரு கணக்கு என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பயிற்சி என்று தலைப்புப் போட்டுப் பத்துக் கணக்கை மூட்டையாகக் கொட்டினால் அது பயிற்சி ஆகாது. முதல் கணக்கு கையைப் பிடித்து வாசற்படி ஏற்ற வேண்டும். இரண்டாவது கையை விட வேண்டும். மூன்றாவதில் பிள்ளை தானாக நடக்க, நான்காவதில் ஒரு சிறு கல் தடுக்க வேண்டும், விழாத அளவுக்கு. எண்கள் பாடத்தை மறைக்கக் கூடாது. விகிதம் படிக்க வந்தவளைப் பதினேழால் பெருக்கவிட்டு அங்கேயே மூச்சு வாங்க வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விடை வர வேண்டும். சுத்தமாக, மீதியில்லாமல், போட்டு முடித்ததும் அடிக்கோடிடத் தோன்றுவதுபோல வர வேண்டும். இதையெல்லாம் சபாநாயகத்திடம் எடுத்துச் சொன்னால் ஆமாங்க டீச்சர், ஆமாங்க டீச்சர் என்று தலையாட்டுவார். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை வெளியிடும் இந்தப் பயிற்சி நூலுக்குப் பொறுப்பாளர் அவர். நல்ல மனிதர், கணிதப் பட்டதாரி, ஆனால் விகிதத்தை ரேஷியோ என்றுதான் சொல்வார், அதைச் சொல்லும்போதெல்லாம் தையல்நாயகிக்குக் காதோரம் சுளீரென்னும். போன வாரம் இந்த அச்சுப்படிக் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மோர் குடித்து முடித்த பிறகும் எழுந்து போகாமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். முதல் இரண்டு பாடங்களின் கணக்குகளை இளைஞர்கள் சிலர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள், அவற்றை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். மூன்றாவதாக இருக்கும் விகிதப் பாடம் மேபல் டீச்சர் எழுதியது. அவருக்குப் பக்கவாதம் வந்து நாலைந்து மாதமாகப் படுக்கையில் இருக்கிறார் என்பது தெரிந்ததுதானே. படுத்தபடியே சொல்லச் சொல்ல மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அறக்கட்டளையில் சிலருக்குச் சந்தேகம். “சொல்லக் கூடாதுதான் டீச்சர். நோய் தலையைத் தொட்டுட்டா என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும். உங்களை விட்டா அவங்க கணக்கை எடை போட ஆள் இல்லை. சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அந்தப் பாடத்தையும் பசங்ககிட்டயே குடுத்துடலாம், அவங்க மனசு நோகாம நான் பாத்துக்கறேன்.” இன்று மாலை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். ஆக, கணக்கைப் பார்க்கச் சொல்லவில்லை அவர், மேபலின் மூளையைத் திருத்தி மதிப்பெண் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களைத் திருத்திய கைதான் இது, ஆனால் இப்படியொரு தாள் இதுவரை வந்ததில்லை.

புளிக் கணக்குக்கும் சுவர்க் கணக்குக்கும் அடியில் கிடந்த மூன்றாவது பாடத்தை அவள் மேலே எடுத்து வைத்தபோது அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, அவளுக்குள் ஏதோ ஒன்று எச்சரிக்கையாக எழுந்து உட்கார்ந்தது. மேபல் கனகமணி. தரங்கம்பாடியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து, கடற்காற்றில் கலைந்த தலையோடு முதல் மணி அடித்த பிறகுதான் அதே பள்ளியின் வாசலில் நுழைவாள். வகுப்பில் இரைச்சல், கரும்பலகையில் கிறுக்கல், பிள்ளைகள் அவளோடு சரிக்குச் சரி வாயாடும், அதை அவள் ரசிப்பாள். மேபல் கேள்வித்தாள் எடுத்த அந்த அரையாண்டுத் தேர்வை நினைத்தால் இன்றைக்கும் தையல்நாயகிக்குக் கசக்கும். அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் கூடுதல் ஐம்பது எனில் அவ்வெண்களைக் காண்க. ஐந்து மதிப்பெண். வராது. நாற்பத்தெட்டுக்கு வரும், ஐம்பத்தொன்றுக்கு வரும், ஐம்பதுக்குப் பிரம்மாவே வந்தாலும் வராது. பிள்ளைகள் போட்டார்கள், பின்னம் வந்தது, தாங்கள்தான் தப்பு என்று அடித்துவிட்டு மறுபடி போட்டார்கள், மறுபடி பின்னம். தாள் ஓட்டையாகும்வரை அழித்தார்கள். மணி அடித்தபோது பாதி வகுப்பு அழுதுகொண்டிருந்தது. துறைத்தலைவி என்ற முறையில் தையல்நாயகி அந்தக் கேள்வியை நீக்கி எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் கொடுக்கச் செய்தாள். ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற மேபல், விடை இல்லை என்று எழுத ஒரே ஒரு பிள்ளைக்காவது தைரியம் வந்ததா பார், அது யார் செய்த வேலை என்று கேட்டாள். தையல்நாயகி பதில் சொன்னாள். அந்தப் பதிலில் இன்றுவரை ஓர் எழுத்தை மாற்ற அவளுக்குத் தோன்றியதில்லை. கேள்வித்தாள் என்பது நம்பிக்கை, டீச்சர் கேட்டால் விடை இருக்கும் என்று நம்பித்தான் பிள்ளை பேனாவைத் திறக்கிறது, அந்த நம்பிக்கையில் குழி வெட்டுகிறவள் எதைச் சொல்லிக்கொடுத்து என்ன? மேபலுக்கு உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு மட்டும் இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, நீயாகக் கண்டுபிடிக்கும்வரை நான் நிற்கிறேன் என்று நிற்கிற முகம். அந்த முகத்தைத்தான் பொறுக்க முடியாது. அதற்குப் பிறகும் எத்தனை ஆண்டு ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து டப்பாச் சோறு தின்றார்கள், ஒருத்தி கொண்டுவந்த மீன்குழம்பின் மணம் இன்னொருத்தியின் தயிர்ச்சோற்றில் ஏறும்வரை. அந்த முகத்தில்தான் இப்போது ஒரு பாதி இறங்கிவிட்டது என்கிறார்கள். எந்தப் பாதி? சிரிப்பு ஒதுங்குமே, அந்தப் பக்கமா? போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. இரண்டு முறை புறப்பட்டாள், ஒருமுறை மழை, ஒருமுறை முழங்கால். பேருந்து நிலையம்வரை போய்விட்டுத் திரும்பிய மூன்றாவது முறையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, கணக்கு. இந்த முறை ஏமாறுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் முதல் கணக்கைத் தொட்டாள். ஒவ்வொன்றையும் போட்டு, மீதியில்லாமல் விடை வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகே அடுத்ததற்குப் போனாள். வந்தது. இரண்டாவதும் வந்தது. கல்யாணச் சமையலுக்கு அரிசியும் பருப்பும் எடுக்கிற கணக்கு, அளவுகள் நிஜமானவை, மேபல் எந்தச் சமையல்காரரிடமோ கேட்டிருக்க வேண்டும். நான்காவதில் அந்தச் சிறு கல் தடுக்கியது, சரியாக எந்த இடத்தில் தடுக்க வேண்டுமோ அந்த இடத்தில். வயதுக் கணக்கு ஏழாவதாக வந்தது. தையல்நாயகி ஆவலோடு கழித்துப் பார்த்தாள், தாய் மகளை இருபத்தாறில் பெற்றிருந்தாள். எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி படுத்துக்கொண்டு, வாய் குழறி, மகளை எழுதச் சொல்லி, இப்படி எழுத முடியுமானால் கையும் காலும் வாயும் உள்ளவர்கள் புளி ஒன்பது ரூபாய் என்று எழுதுகிறார்களே. இல்லை, எரிச்சல் அதனால் மட்டும் இல்லை. குறை சொல்லும்படி ஒன்றாவது வேண்டியிருந்தது அவளுக்கு, ஆனால் அந்த ஒன்றுக்கு அவள் பயந்துகொண்டும் இருந்தாள். இரண்டும் ஒரே நெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பதினோராம் கணக்குக்கு வந்தாள். முக்கோண வடிவமுள்ள ஒரு மனையைச் சுற்றி வேலியடைக்க நாற்பத்துநான்கு மீட்டர் கம்பி தேவைப்பட்டது. மனையின் பக்கங்கள் இரண்டு, மூன்று, ஆறு என்ற விகிதத்தில் உள்ளன எனில் பக்கங்களின் அளவுகளைக் காண்க. இரண்டும் மூன்றும் ஆறும் பதினொன்று, நாற்பத்துநான்கைப் பதினொன்றால் வகுத்தால் நான்கு, ஆக எட்டு, பன்னிரண்டு, இருபத்துநான்கு. படித்து முடிக்கும் முன்பே விடை நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. என்ன சுத்தம். எண்களைப் பார், பதினொன்று என்று கூட்டி வரவைத்து, அதைக் கொண்டு நாற்பத்துநான்கைப் பூவாய் உதிரச் செய்கிறாள், அதுவும் பதினோராம் கணக்கில். விகிதம், சுற்றளவு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு மனை. புத்தகம் முழுதும் தேடினாலும் இதற்கு இணை கிடையாது. தன்னையறியாமல் கை போய் டிக் அடித்தது, ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதியது. எழுதிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது, இந்தக் கட்டு முழுவதிலும் அவள் அந்தச் சொல்லை எழுதியது இது ஒன்றுக்குத்தான்.

மீதிக் கணக்குகளும் தேறின. கடைசியாக விடைப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் அது வந்து அறைந்தது. பத்துக்கு விடை இருந்தது, பன்னிரண்டுக்கு இருந்தது, பதினொன்று இல்லை. எண்ணே இல்லை. அச்சடித்தவன் விட்டிருப்பானோ என்று மகள் எழுதிய மூலத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள், அதிலும் பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு. மறந்திருக்கிறாள். அப்படி ஒரு கணக்கைப் பெற்றுப்போட்டுவிட்டு, அதன் விடையைச் சொல்ல மறந்திருக்கிறாள். இதைத்தானே கேட்டார் சபாநாயகம், ஒரு வார்த்தை, சரியில்லை என்று ஒரு வார்த்தை. மேபல் கணக்கெழுதி விடையை விட்டவள் அல்ல, கடைசி நிமிடத்தில் எழுதினாலும் விடைப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் கணக்கை எழுதுவாள். மறதி இப்படித்தான் வருமாமே, நடுவில், இரண்டு நல்ல பல்லுக்கு நடுவில் ஒன்று விழுந்ததுபோல. அப்படியானால் அடுத்து எது விழும்? போன மாதம் காய்கறிக்கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல், கோணத்தை அளக்கிற அந்தக் கருவியின் பெயர் தையல்நாயகியின் தலையிலிருந்து காணாமல்போனது. அரைவட்டமாக இருக்கும், பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பதுவரை கோடு போட்டிருக்கும், ஆயிரம் முறை கையில் எடுத்து உயர்த்திக் காட்டியிருக்கிறாள், பெயர் இல்லை. கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்தார், வீட்டுக்கு வந்தாள், சமைத்தாள், பெயர் இல்லை. சாயங்காலம் தலை துவட்டும்போது பாகைமானி என்று சத்தமாகச் சொன்னாள், யாருமில்லாத வீட்டில், துண்டைக் கையில் பிடித்தபடி. பிறகு அன்றைக்கெல்லாம் பாகைமானி, கவராயம், மூலைமட்டம், அளவுகோல் என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது அரை நாளில் திரும்பிவிட்டது. மேபலுக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதானே வித்தியாசம். இந்த நினைப்பைத் தள்ளுவதற்காகவே விடைப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள், பதினொன்று, எட்டு, பன்னிரண்டு, இருபத்துநான்கு மீட்டர். யாருக்கும் தெரிய வேண்டாம். அச்சில் விட்டுப்போயிற்று என்றே இருக்கட்டும். எழுதிவிட்டுப் பார்த்தபோது சிவப்பு மை ரத்தம் கட்டியதுபோல அந்த ஒரு வரியை மட்டும் காட்டிக்கொடுத்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நன்று என்று எழுதிய கணக்குக்கு ஒரு படம் இல்லாதது குறையாகத் தோன்றியது. படம் போடாமல் வடிவியல் கணக்கைத் தொட்ட பிள்ளைக்குத் தையல்நாயகி டீச்சரிடம் ஒரு மதிப்பெண் குறையும், விடை சரியாக இருந்தாலும் குறையும். முதலில் படம், பிறகு கணக்கு என்று பலகையின் மேல்மூலையில் எழுதிப் பெட்டி கட்டியிருப்பாள். அலமாரியிலிருந்து தன் பழைய கவராயத்தை எடுத்தாள். இரண்டு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். அடிப்பக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டர், கோடு விழுந்தது. ஒரு முனையில் முள்ளை ஊன்றி நான்கு சென்டிமீட்டர் எடுத்து ஒரு வில் வரைந்தாள். மறுமுனையில் ஊன்றி ஆறு எடுத்து இன்னொரு வில். இரண்டும் வெட்டிக்கொள்ளவில்லை. கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கும் என்று இறுக்கினாள், மறுபடி வரைந்தாள். இரண்டு விற்களும் ஒன்றையொன்று பார்க்காமல் கோட்டின்மேல் தனித்தனியாக வந்து குந்தின. நடுவில் இடைவெளி. கை நடுங்குகிறதா? கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை, அல்லது எப்போதும் நடுங்குகிற அளவுக்குத்தான் நடுங்கியது. கண்புரை எடுத்த கண்ணில் வெள்ளைத் தாள் நீலம் பாரித்துத் தெரிந்தது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவுகோலை மறுபடி வைத்தாள். பன்னிரண்டுதான். நான்குதான். ஆறுதான். வரைந்தாள். சேரவில்லை. முக்கோணம் வரையத் தெரியவில்லை எனக்கு, என்று அவளுக்குள் யாரோ மிக அமைதியாகச் சொன்னார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை வரைகிற முக்கோணம். மேபலுக்கு ஒரு விடை விழுந்தது, உனக்கு முக்கோணமே விழுந்துவிட்டது. மின்விசிறி க்ளக் என்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்தாள், பேனா மூடி எங்கே என்று தேடினாள், அது கையில் இருந்தது. நான்கும் ஆறும் எவ்வளவு? பத்து. பத்துதானே? விரல்விட்டுக்கூட எண்ணிப் பார்த்தாள், வெட்கம் கெட்டு. பத்து. கீழே கிடக்கிற கோடு பன்னிரண்டு. பத்து எப்படிப் பன்னிரண்டை எட்டும்?

எட்டாது. எட்டும் பன்னிரண்டும் சேர்ந்தாலே இருபது, மூன்றாவது பக்கம் இருபத்துநான்கு. இரண்டு சிறு பக்கங்களையும் நீட்டிப் படுக்கப் போட்டாலும் பெரிய பக்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேராது, பிறகெங்கே கூரைபோல எழுந்து நிற்பது. அப்படி ஒரு முக்கோணம் இல்லை. அப்படி ஒரு மனை எந்த ஊரிலும் இல்லை, கம்பி வாங்கினவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். முதலில் ஒரு பெரிய நிம்மதி வந்தது, கை சரியாக இருக்கிறது, கண் சரியாக இருக்கிறது. அது போன வேகத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. விடை வராத கணக்குக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தாள் இவள், ஒவ்வொன்றாக வகுத்து, மீதி இல்லை, மீதி இல்லை என்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே வந்தாளே. விடை சுத்தமாக வருகிற பொய்யை அவள் தேடவில்லை. அன்றைக்குக் கதவைத் தட்டிவிட்டு வந்தவள் இன்றைக்குச் சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். வந்தாளா? அல்லது வரவே இல்லையா? இங்கேதான் சிக்கியது. நோயாளி ஒருத்தி, வாய்க்கு வந்த மூன்று எண்களை விகிதம் என்று சொல்லியிருக்கலாம், பக்கங்கள் சேருமா என்று பார்க்கிற தெம்பில்லாமல். விடையைச் சொல்லாமல் விட்டது அதே மறதியின் அடுத்த ஓட்டையாக இருக்கலாம். இல்லாவிட்டால் விடை இல்லாததால்தான் விடைப் பக்கத்தில் அந்த எண் இல்லை. பொறி என்று வைத்தாலும் பொருந்துகிறது, ஓட்டை என்று வைத்தாலும் பொருந்துகிறது. ஒரே ஆதாரம், இரண்டு தீர்ப்பு. இப்படி ஒரு கணக்கை எவனாவது தேர்வில் கேட்டால் போதிய விவரம் இல்லை என்று தானே அடித்துத் தள்ளியிருப்பாள். சபாநாயகம் இப்போது வந்துவிடுவார். பொறி என்று சொல்லி அது ஓட்டையாக இருந்தால், பிழையான பாடம் மேபலின் பெயரோடு அச்சேறி, எந்தப் பள்ளியிலோ எந்தப் பொடிப்பெண்ணோ அதைப் பார்த்துச் சிரிக்கும். ஓட்டை என்று சொல்லி அது பொறியாக இருந்தால், நல்ல புத்தியோடு படுத்திருப்பவளைப் புத்தி கெட்டவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் ஆவாள் தையல்நாயகி. நன்று என்ற சொல் ஓரத்தில் இருந்தபடி இருந்தது. அதை அடித்தால் ஏமாந்தது ஊருக்குத் தெரியும், அடிக்காவிட்டால் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டும். தன் சிவப்பு மையைத் தானே அடித்த வழக்கம் அவளுக்கு இல்லை. கேட்டால் தெரிந்துவிடும். ஒரு போன். ஆனால் எப்படிக் கேட்பது, உனக்கு இன்னும் அறிவு இருக்கிறதா என்றா? நாலைந்து மாதமாக எட்டிப் பார்க்காதவள் கேட்கிற முதல் கேள்வியா அது?

எண்ணை அழுத்தியது விரல்தான், அவள் இல்லை. மறுமுனையில் முதலில் மூச்சு மட்டும் வந்தது, ஈரமான, பாரமான மூச்சு, அதற்குப் பின்னால் ஒரு காக்கை.

“நான்தான். தையல்நாயகி.”

“செத்துட்டேனான்னு... பாக்கவா.”

குரல் அவளுடையதுதான், ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாக மேடேறி வந்தன. தையல்நாயகி ஏதோ சொன்னாள், மழை என்றோ முழங்கால் என்றோ. மேபல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கட்டு உன்னிடம்தான் வந்திருக்குமென்று தெரியும், சபாநாயகத்துக்கு வேறு போக்கிடம் ஏது என்று திக்கித் திக்கிச் சொன்னாள். எத்தனையோ விதமாகக் கேட்க நினைத்துவிட்டுக் கடைசியில் தையல்நாயகி வகுப்பறைக் குரலில்தான் கேட்டாள்.

“பதினோராவது கணக்குக்கு விடை குடுக்காம விட்டிருக்கே.”

மறுமுனையில் மூச்சுகூட நின்றதுபோல இருந்தது. இதோ தேடுகிறாள், எந்தப் பதினொன்று என்று அந்த இருட்டுக்குள் கையை நீட்டித் தேடுகிறாள், கிடைக்கவில்லை, கிடைக்கப்போவதில்லை, ஏன் கேட்டேன், பாகைமானி பாகைமானி என்று நான் தேடியதுபோல ஒரு மனுஷியைத் தேடவிட்டுவிட்டேனே என்று தையல்நாயகி பதறினாள். அப்போது அந்தச் சத்தம் வந்தது. புரையேறியது என்றே முதலில் பயந்தாள். பிறகுதான் தெரிந்தது, வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் வெளியே வருகிற சிரிப்பு அது.

“டிக்கு... போட்டியா தையலு?”

தையல்நாயகியின் கை ஓரத்திலிருந்த டிக்கை மறைத்தது.

“நல்லாருக்குன்னு... எழுதிட்டியா?”

“பிள்ளைங்களை ஏமாத்துற கணக்கு அது. அன்னிக்குச் சொன்னதைத்தான் இன்னிக்கும் சொல்றேன்.”

“பிள்ளைங்க... ஏமாறாது. படம் போடும்.” மூச்சு வாங்கினாள். “நீதானே... சொல்லிக் குடுத்தே. மொதல்ல படம்னு. டீச்சருங்கதான்... போடாது.”

இதற்கு ஒரு பதில் இருந்தது, இருந்தே ஆக வேண்டும், அந்த அரையாண்டுத் தேர்விலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த பதில்களில் ஒன்று இதற்குப் பொருந்தியிருக்க வேண்டும். தேடினாள். கிடைத்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்ற ஒரு வாக்கியம்தான். மீன்குழம்பு வைக்கச் சொல்லவா என்று கேட்டாள் மேபல், தையல்நாயகி வாழ்நாளில் மீனைத் தொட்டதில்லை என்று தெரிந்தே. போனை வைத்த பிறகு தையல்நாயகி வெகுநேரம் அந்தச் சேராத இரண்டு விற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முக்கோணத்தை வரைய முடியவில்லை என்று உயிரே போனதுபோலத் தண்ணீர் குடித்தோமே என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. நல்ல கணக்கா இது? விடையைக் கேட்டுவிட்டு விடை இல்லாமல் வைப்பது நல்ல கணக்கா? இல்லை. இல்லைதான். ஆனால் படம் போட்டவளிடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை அது. வரைந்தால் கையிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்படியானால் குழி இல்லையே அது. குழிதான். விடைப் பக்கத்தில் தான் எழுதிய சிவப்பு வரியை, எட்டு, பன்னிரண்டு, இருபத்துநான்கை, ஒரே கோடாக அடித்தாள். நன்று என்ற சொல்லுக்கு மேலே பேனா நின்றது, இறங்கவில்லை, மூடியைத் திருகி மூடினாள்.

சபாநாயகம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, தேறுமா டீச்சர் என்றார். தேறும், மேபல் டீச்சர் பாடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டாம், மற்ற இரண்டு பாடங்களை எழுதியவர்களை முடிந்தால் ஏழாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வையுங்கள் என்றாள். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. நின்றபடியே தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். நீங்கள் நன்று என்று போட்டு நான் பார்த்ததே இல்லையே என்று வியந்தார். வாய்க்குள் கணக்கைப் படித்தார், உதடு அசைந்தது, கண் ஒரு நொடி மேலே போய் இறங்கியது, பிறகு விடைப் பக்கத்தைப் புரட்டினார்.

“எட்டு, பன்னிரண்டு, இருபத்துநாலு. அழகா வருதே. இதுக்கு மட்டும் ஏன் டீச்சர் விடையை அடிச்சிருக்கீங்க? போட்டுடலாமே?”

தையல்நாயகி தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டு, அளவுகோலையும் கவராயத்தையும் அதன்மேல் நகர்த்தினாள்.

“உக்காருங்க. படம் போடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கோடு போட்டார். முள்ளை ஊன்றினார். முதல் வில் விழுந்தது, முள்ளை மறுமுனைக்கு மாற்றினார், இரண்டாவது வில்லும் விழுந்தது, சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அவர் கவராயத்தைத் தூக்கி அதன் திருகைப் பார்த்தார். தையல்நாயகி ஜன்னலோரம் போய் நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்போது கைகளைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. உதட்டின் ஓரத்தில் ஏதோ ஒன்று ஒதுங்குவதை மட்டும் உணர்ந்தாள். தன் முகம் அந்த நேரத்தில் யாருடைய முகமாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதற்காகவும் சேர்த்து மேபலை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை.